‘பழைய படம்’ என்றொரு வகை இல்லை

“பழைய படமோ? ஒரே அழுகையும் பாட்டும்தானே!” யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தை ஒன்றில் 1950களின் படம் ஒன்றைப் பற்றிக் கதை எடுத்தால் இருபது வயதுக்காரர் சொல்வது இது. பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருக்கும் பெரியவர், “அந்தக் காலத்துப் படம் மாதிரி இனி வருமோ?” என்பார். இரண்டு பேரும் விடுவது ஒரே பிழை. கறுப்பு வெள்ளையில் வந்த அத்தனையையும் ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டு, ஒருவர் சாக்கையே உதைக்கிறார், மற்றவர் சாக்கையே கும்பிடுகிறார்.

அந்தச் சாக்குக்குள் 1948இல் வந்த ‘சந்திரலேகா’ கிடக்கிறது: பெரிய முரசுகளின் மேல் நடனம், சர்க்கஸ், வாள் சண்டை. அதற்குப் பக்கத்திலேயே 1954இல் வந்த ‘அந்த நாள்’. அதில் ஒரு பாட்டுக்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பிடித்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் தோற்கும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும் சொல்தான் ‘வகை’. இந்தச் சொல்லும் பாவம், கண்டபடி அடிபடுகிறது. கதையில் யார் வருகிறார்கள் என்பதே வகை என்று பலரும் நினைக்கிறார்கள். ராசா வந்தால் ராசா படம், பேய் வந்தால் பேய்ப்படம். அப்படியென்றால் 1951இல் வந்த ‘மர்மயோகி’யை என்ன செய்வது? அதில் பேயுருவம் உலாவுகிறது. அதற்காகவே தணிக்கையில் வயது வந்தோருக்கான ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனாலும் அது பேய்ப்படம் இல்லை, முழுக்க முழுக்க ராஜா ராணிப் படம். ஏன் என்பது வகை வேலை செய்யும் விதம் விளங்கினால்தான் விளங்கும்.

## முடிவு தெரிந்தும் ஏன் போகிறார்கள்?

நல்லூரில் மாம்பழத் திருவிழாவுக்குப் போகிற எவருக்கும் பழம் யாருக்குக் கிடைக்கும் என்பது தெரியும். மயிலேறி உலகைச் சுற்றி வந்தவருக்கு இல்லை. தெரிந்துகொண்டுதான் சனம் நிற்கிறது. என்ன நடக்கும் என்று அறிய அல்ல, எப்படி நடக்கும் என்று பார்க்க. அதேபோல, தேருக்கு முதல் நாள் சப்பறத்துக்கு வந்தவர் “தேர் எங்கே?” என்று கேட்பதில்லை. எந்த நாளுக்கு எதை எதிர்பார்க்கலாம் என்பது வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னரே முடிவாகிவிடுகிறது.

வகை என்பதும் அதுதான்: படம் தொடங்க முன்னரே, அதை எடுத்தவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில் ஆகிவிடும் உடன்பாடு. இந்தப் படத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது, எதைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற மூன்றும் அதற்குள் அடங்கும்.

மூன்றாவதைத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். கொட்டகைக் கூத்தில் ‘மயான காண்டம்’ பார்த்தவர்களைக் கேளுங்கள். நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகச் சுடலையில் நின்று பாடும்போது, “சுடலை காக்கிறவன் என்னத்துக்குப் பாடுறான்?” என்று எவரும் எழும்பிக் கேட்டதில்லை. அங்கே பாட்டுத்தான் பேச்சு. இது உவமைக்காக மட்டும் சொல்வதல்ல. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது, கையில் ஆயத்தமாக இருந்தவை இசைநாடக மேடையின் கதைகளும் பாட்டுகளும் பாடத் தெரிந்த நடிகர்களும்தான். நம் ஊர்க் கொட்டகைக் கூத்தும் அந்த மேடையின் வழியில் வந்ததே. ஆக, ஆரம்பகாலப் படம் பார்ப்பதற்கான பழக்கம் யாழ்ப்பாணத்தவருக்குப் படம் வர முன்னரே இருந்தது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வகை கதையின் பெயர் அல்ல, எதிர்பார்ப்பின் பெயர். மர்மயோகியில் வரும் பேய் நம்மைப் பயத்தில் உறைய வைப்பதற்கு அல்ல, அரியணையைப் பறித்தவரை உலுக்குவதற்கு. உடன்பாடு அரியணையைப் பற்றியது.

## ஒரு கடிதம், ஐந்து படம்

ஒரே சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு வந்த ஒரு கடிதம் கணவன் கையில் அகப்படுகிறது.

புராணப் படமென்றால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது மேலே இருப்பவருக்கு முன்பே தெரியும். நமக்கும் தெரியும். கணவன் சோதனையில் தேறுவானா என்பது மட்டுமே கேள்வி. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ இந்த உடன்பாட்டை ஒளிக்காமல் முதலிலேயே மேசையில் வைத்துவிடுகிறது. மாம்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் மலையேற, “இதெல்லாம் அப்பாவின் விளையாட்டு” என்று தாய் ஆறுதலாகக் கதை சொல்லத் தொடங்குகிறார். தருமிக்குப் பொற்கிழி கிடைக்குமா கிடைக்காதா என்று நகம் கடிக்க வேண்டியதில்லை. நாகேஷ் எப்படிப் புலம்புவார் என்பதுதான் விஷயம்.

ராஜா ராணிப் படத்தில் கடிதம் ஓலையாகிவிடும். தளபதி ஓலையை மாற்றுவான், அது நிறைந்த சபையில் உரக்க வாசிக்கப்படும், பதிலுக்கு அடுக்கு வசனம் வரும், பிறகு வாள் வரும். குடும்ப விவகாரம் எதுவும் இந்த வகையில் அறைக்குள் நடக்காது. எல்லாம் சபையில்.

சமூகப் படம் என்பது அன்றைய உடுப்போடு, அன்றைய வீட்டில், அன்றைய பிரச்சினையைச் சொல்லும் படம். விளம்பரங்களிலேயே ‘சமூகச் சித்திரம்’ என்று போடுவார்கள். இங்கே கணவன் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பான். மனைவி சோறு போடுவாள். “ஏன் ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?” என்பாள். “ஒண்டுமில்லை.” இந்த ‘ஒண்டுமில்லை’யில் பத்து றீல் ஓடும். வாயைத் திறந்து ஒரு சொல் கேட்டால் படம் முடிந்துவிடுமே என்று இன்றைக்குச் சிரிக்கிறோம். ஆனால் கேட்க முடியாத குடும்ப ஒழுங்குதான் அந்த வகையின் உண்மையான வில்லன்.

துப்பறியும் படத்தில் கடிதத்தின் பாதி கிழிந்திருக்கும். கொமெடியில் அது பிழையான மாமனாரிடம் போய்ச் சேரும்.

இந்த ஐந்தையும் பிரிப்பது முக்கியமாக ஒன்று: யாருக்கு எது, எப்போது தெரியும் என்பது. துப்பறியும் படத்தில் பாத்திரத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. கொமெடியிலும் சமூகப் படத்திலும் நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. ஆச்சரியம்தான், அழவைக்கும் படமும் சிரிக்கவைக்கும் படமும் ஒரே இயந்திரத்தில் ஓடுகின்றன. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. தவறான விளக்கம் சட்டென்று அடுத்த தவறுக்குப் பாய்ந்தால் சிரிப்பு. ஒன்றிலேயே தங்கி ஊறினால் கண்ணீர்.

## ‘ஓவர் அக்டிங்’ என்ற குற்றச்சாட்டு

இங்கே கொஞ்சம் நின்று போகவேண்டும், ஏனென்றால் பழைய படத்தைப் பற்றி அதிகம் பிழையாகச் சொல்லப்படுவது இதுதான்.

1954ஆம் ஆண்டை மட்டும் எடுங்கள். அந்த ஒரு வருடத்தில் சிவாஜி கணேசன் ‘மனோகரா’விலும் நடித்தார், ‘அந்த நாள்’ படத்திலும் நடித்தார். மனோகராவில் சங்கிலியால் பிணைத்து அரசவைக்குக் கொண்டுவரப்படும் இளவரசன். குரல் சபையின் கடைசித் தூண்வரை போகிறது. வசனத்துக்கு மூச்சு விடும் இடம்கூடக் கணக்குப் பார்த்து வைத்ததுபோல் இருக்கும். ‘அந்த நாள்’ படத்தில் அவர் ஒரு வானொலிப் பொறியியலாளர். மேசைக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்டால் காணும் என்ற அளவில் பேசுகிறார். ஒரே நடிகர், ஒரே ஆண்டு, ஒரே தொண்டை. மாறியது வகை.

ராஜா ராணிப் படத்தின் வசனம் கண்ணுக்கு எழுதப்பட்டதல்ல, காதுக்கு எழுதப்பட்டது. மு. கருணாநிதியின் மனோகரா வசனமும், 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனமும் இசைத்தட்டாக வந்து கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் பாட்டுக்குப் பதிலாக ஓடியது அதனால்தான். படம் பார்க்காதவர்களும் வசனத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள். அந்தப் பேச்சைத் தனியறை உரையாடலின் தராசில் வைப்பது, தவில்காரரிடம் “மெல்ல வாசியுங்கோ, நித்திரை குழம்புது” என்பது மாதிரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சமூகப் படத்துக்குள் அரசவைக் குரல் நுழைந்தால் அது குறைதான். அப்படி நுழைந்த படங்கள் நிறைய. 1952இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி அரசவை உரையை அப்படியே எடுத்துச் சமூகப் படத்துக்குள் வைத்தது. அங்கே அது எடுபட்டதற்குக் காரணம், நீதிமன்றமும் ஒரு சபை என்பது. அந்தக் காரணம் விளங்காமல் பின்னால் வந்தவர்கள் சமையலறையிலும் அதே தொனியில் பேசவைத்தார்கள்.

## வெளிச்சம் சொல்லும் வகை

ஒரு முகத்துக்கு அடிப்படையாக இரண்டு விளக்குகள். முகத்தை முதலில் காட்டுவது பிரதான விளக்கு. அது உண்டாக்கும் நிழலை மறுபக்கத்திலிருந்து தணிப்பது நிரப்பு விளக்கு. இரண்டின் விகிதத்தில்தான் வகையின் பாதி இருக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவில் அறை லைற்றை அணைத்துவிட்டு ஒருவரைக் கதிரையில் இருத்துங்கள். மேசை விளக்கை அவர் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக 45 பாகையில், ஒரு கை நீளத் தூரத்தில் பிடியுங்கள். மறு கன்னத்துக்கு ஓரடி தள்ளி ஒரு வெள்ளை மட்டையைப் பிடித்தால் வெளிச்சம் தெறித்து நிழல் தணியும். இப்போது அவர் சமூகப் படத்தில் இருக்கிறார். மட்டையை எடுத்துவிடுங்கள். அதே முகம், அதே சிரிப்பு, ஆனால் ஏதோ மறைக்கிறார் போலிருக்கும். துப்பறியும் படம் தொடங்கிவிட்டது. பிரகாசமான காட்சியில் வெளிச்சப் பக்கமும் நிழற் பக்கமும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. மர்மக் காட்சியில் அது எட்டுக்கு ஒன்றுவரை போகும். சுவர் வெள்ளையாக இருந்தால் இந்தச் சோதனை பிழைக்கும், ஏனென்றால் சுவரே பெரிய மட்டையாக வேலை செய்யும். கறுப்புத் துணியொன்றைத் தொங்கவிடுங்கள்.

‘அந்த நாள்’ படம் இருட்டை இப்படித்தான் பயன்படுத்துகிறது. சுடப்பட்டு விழுபவரைக் காட்டித்தான் படமே தொடங்குகிறது, பிறகு நிழலுக்குள் நின்று ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். அதை ‘ரஷோமோன்’ என்ற 1950ஆம் ஆண்டு ஜப்பானியப் படத்தின் பிரதி என்று சொல்வது இன்னொரு பழகிப்போன பிழை. இயக்குநர் எஸ். பாலசந்தருக்கு அந்தப் படத்திலிருந்து ஊக்கம் கிடைத்தது உண்மை. ஆனால் அகிரா குரொசாவாவின் படத்தில் ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் வேறுவேறாகச் சொல்கிறார்கள், எது மெய் என்பது கடைசிவரை நமக்குக் கிடைப்பதில்லை. தமிழ்ப் படத்தில் விசாரணை முடிகிறது, கொலையாளி யார் என்பது தெரிகிறது. ஒன்று ‘உண்மை கிடைக்குமா?’ என்று கேட்கும் படம், மற்றது ‘உண்மை எது?’ என்று கேட்கும் படம்.

‘அந்த நாள்’ படத்தில் பாட்டு ஏன் இல்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். பாட்டு கடிகாரத்தை நிறுத்திவைக்கும். புராணத்தில் அது பிரார்த்தனை, ராஜா ராணியில் சபை நடனம், சமூகப் படத்தில் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லும் வழி. சந்தேகத்தை முறுக்கேற்றிக்கொண்டு போகும் படத்தில் மட்டும் அது முறுக்கை அவிழ்த்துவிடும்.

## நாகேஷ் சொல்லும் பேய்க்கதை

வகை கதையில் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது என்பதற்கு நாம் அறிந்ததில் சிறந்த பாடம் 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் இருக்கிறது. படம் எடுக்கப் பணம் கேட்கும் மகன் நாகேஷ், தகப்பன் டி. எஸ். பாலையாவுக்குத் தன் படத்தின் திகில் காட்சியைச் சொல்லிக் காட்டுகிறார். அறையில் நல்ல வெளிச்சம். பேய் இல்லை, இருட்டு இல்லை, மழை இல்லை. நாகேஷின் வாயிலிருந்து வரும் சத்தங்கள் மட்டும்தான், பிறகு நீண்ட மௌனங்கள், பிறகு திடீரென்று ஓர் அலறல். பாலையா முதலில் அலட்சியமாகக் கேட்கிறார், பிறகு கண் விரிகிறது, பிறகு கதிரையிலேயே சுருங்குகிறார்.

பாலையா இருப்பது திகில் படத்துக்குள். நாம் இருப்பது கொமெடிக்குள். இரண்டு உடன்பாடுகள் ஒரே அறையில், ஒரே நிமிடத்தில் ஓடுகின்றன. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறையும், படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் ஒருமுறையும் இந்தக் காட்சியை அனுபவித்துப் பாருங்கள். காதால் மட்டும் கேட்டால் சற்றே பயமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: கொமெடி உள்ள படம் வேறு, கொமெடிப் படம் வேறு. என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் பகுதி பல படங்களில் தனித் தண்டவாளமாக ஓடும், அதைக் கழற்றி எடுத்தாலும் கதை நிற்கும். காதலிக்க நேரமில்லையில் சிரிப்பைக் கழற்றினால் கதையே இல்லை.

## வகைகள் ஏன் மாறின?

வகை எழுத்தாளரின் தலைக்குள் மட்டும் பிறப்பதில்லை. ஸ்ரூடியோவின் பின்கட்டில் கிடக்கும் மரச்சட்டம், பிளாஸ்டர் தூண், ஜரிகை உடுப்பு எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அரண்மனை ஒன்றைக் கட்டிவிட்டால் வர்ணம் மாற்றி அடுத்த படத்துக்கும் அதே அரண்மனை. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ தென்னிந்தியாவில்தான் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் சிங்களப் படங்கள் நீண்டகாலம் தமிழ்ப் படச் சாயலில் இருந்ததற்கு அந்த ஸ்ரூடியோக்களும் ஒரு காரணம். 1956இல் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்துக்காகக் கமெராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதும் சாயல் மாறத் தொடங்கியது.

தமிழில் புராணத்தின் முதலிடத்தை அசைத்தது மேடைப் பேச்சு. 1949இல் அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’, பிறகு பராசக்தி. பக்திக்காகக் கூடிய சனம் வாதத்துக்காகவும் கூடியது.

கலர் வந்த ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. பிலிம் விலை கூட, விளக்கும் கூடத் தேவை. அதனால் கலர் முதலில் போனது பகட்டு வேண்டிய கதைகளுக்கு: 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முழுநீளக் கலர். 1958இல் ‘நாடோடி மன்னன்’ பாதிக்கு மேல் போய்த்தான் கலராகிறது. சமையலறைக்கும் கந்தோருக்கும் கலர் எட்டப் பின்னும் சில ஆண்டுகள் எடுத்தன.

வெளிநாட்டு வகைகளைப் பற்றி ஒரு சொல். ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்த தலைமுறைக்கு ‘வெஸ்டர்ன்’ தெரியும், குதிரையும் துப்பாக்கியும். ‘நொயர்’ என்று இன்று சொல்கிறோமே, நிழல் நிறைந்த அமெரிக்கக் குற்றப் படங்கள், அந்தப் பெயரை 1946இல் வைத்தவர்கள் பிரெஞ்சு விமர்சகர்கள். எடுத்தவர்களுக்குத் தாங்கள் நொயர் எடுப்பதாகத் தெரியாது. சில பெயர்கள் சுவரொட்டியிலேயே இருக்கும், சிலவற்றைப் பிறகு வந்தவர்கள் ஒட்டுவார்கள். இரண்டையும் குழப்பக்கூடாது.

## இன்று பார்க்கும்போது என்ன கெட்டுப்போகிறது?

இவ்வளவும் தெரிந்து பார்க்க உட்கார்ந்தாலும், கையில் இருக்கும் பிரதி கெட்டதென்றால் எல்லாம் வீண்.

முதலில் படச்சட்டம், அதாவது திரையில் தெரியும் படத்தின் நீள அகலம். தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான் வந்தது. அதற்கு முந்திய படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய ரீவியின் அகலம் 1.78. திரை முழுவதையும் நிரப்ப வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டினால் படத்தின் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். சபை நடனத்தில் ஆடுபவரின் பாதமும் அரசரின் கிரீடமும் காணாமற்போனால் இதுதான் காரணம். வெட்டாமல் இழுத்து நிரப்பினால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டி உள்ள பிரதியைத் தேடுங்கள், அதுவே சரியானது.

இரட்டை வேடப் படங்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். நாடோடி மன்னனும் அதே 1958இல் வந்த ‘உத்தமபுத்திரன்’ படமும் இரட்டை வேடங்கள். கமெராவை அசையாமல் பூட்டி, கண்ணாடிவில்லையின் ஒரு பாதியை மறைத்து எடுப்பார்கள். பிறகு பிலிமை அதே இடத்துக்குப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். நிலம் சற்று அதிர்ந்தால் நடுக்கோடு நடுங்கும். நடிகர் கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை மறைந்துவிடும். அதனால்தான் இப்படி எடுக்கும்போது இருவருக்கும் நடுவில் ஒரு தூணோ கதவு விளிம்போ இருந்தால் நல்லது. இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பாட்டு வெட்டிய பிரதிகள். நேரத்தை மிச்சம் பிடிக்க எவரோ பாட்டைத் தூக்கிவிட்டிருப்பார்கள். சமூகப் படத்தில் பாட்டில்தான் காதல் சொல்லப்படும் என்பதால், அடுத்த காட்சியில் இருவரும் ஏன் நெருங்கிவிட்டார்கள் என்று விளங்காது.

கடைசியாகத் துள்ளல், அதாவது காட்சி நடுவில் திடீரென்று தாவுவது. 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி கொண்ட பெரிய றீல் ஏறக்குறைய 22 நிமிடம். தியேட்டரில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும், ஒன்று முடியும்போது ஒபரேற்றர் மற்றதுக்கு மாற்றுவார். எப்போது மாற்றுவது? திரையின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு சிறு வட்டப் புள்ளி கண்சிமிட்டும் நேரம் தோன்றும்: இரண்டாவது இயந்திரத்தை ஓடவிடு. சுமார் ஏழு விநாடி கழித்து இன்னொரு புள்ளி: மாற்று. அந்தப் புள்ளிகள் இன்றைய பிரதிகள் சிலவற்றிலும் அப்படியே இருக்கின்றன. றீலின் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் கைபட்டு அதிகம் கிழிபடும் இடங்கள். கிழிந்ததை ஒட்டும்போது பிலிமில் வரிசையாக இருக்கும் தனிப்படங்களில் சில போய்விடும். எனவே இரண்டாவது புள்ளிக்குப் பிறகு பாத்திரம் திடீரென்று அறையின் மறுபக்கத்தில் நின்றாலோ, வசனத்தில் இரண்டு சொல் விழுங்கப்பட்டிருந்தாலோ, இயக்குநரைத் திட்ட வேண்டாம்.